குறைந்த தண்டனைக்கு எதிரான அரசு மேல்முறையீடு (விழுப்புரம், திண்டிவனம்)

குறைந்த தண்டனைக்கு எதிரான அரசு மேல்முறையீடு என்பது, குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவருக்கு விதித்த தண்டனை போதாது என்று அரசுத் தரப்பு மேல் நீதிமன்றத்தை நாடுவதாகும். வழிப்பறி, வீடு புகுந்து திருடுதல் ஆகிய வழக்குகளிலும் இது பொருந்தும்.

வரலாறு

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை 1872ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அரசுக்குக் கிடைத்துவிட்டது. தண்டனை குறைவு என்று மேல்முறையீடு செய்யும் உரிமை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உயர் நீதிமன்றம் தன் சீராய்வு அதிகாரத்தைக் கொண்டே தண்டனையைக் கூட்ட முடிந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அரசுக்கு நேரடி உரிமை அளித்தது. அச்சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் இதையொத்த அதிகாரம் தலைமைச் சட்ட அலுவலருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது.

சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு

தொடக்கத்தில் இம்மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. திண்டிவனம் நீதித்துறை நடுவர் விதித்த சில மாதத் தண்டனையை எதிர்க்கவும் அரசுத் தரப்பு சென்னைக்குச் செல்ல வேண்டும். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவான பின்னரும் இந்நிலை மாறவில்லை. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் 2006 சூன் 23 அன்று நடைமுறைக்கு வந்ததும், நடுவர் விதித்த தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கு உரியதாயிற்று. அமர்வு நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு உயர் நீதிமன்றமே மேல்முறையீட்டு இடமாக நீடித்தது.

மூன்றாண்டு வரம்பு

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 392ஆம் பிரிவு கொள்ளைக்குப் பத்தாண்டு வரையும், நெடுஞ்சாலையில் இரவில் நடந்தால் பதினான்கு ஆண்டு வரையும் கடுங்காவல் விதிக்க இடமளித்தது. திருடும் நோக்கில் இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தால் 457ஆம் பிரிவின்படி பதினான்கு ஆண்டு வரை தண்டனை இருந்தது. ஆனால் இவ்விரு குற்றங்களையும் விசாரிக்கும் முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க இயலாது. அது போதாதெனக் கருதினால், தண்டனை விதிக்கும் முன்பே வழக்கைத் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். அவர் ஏழாண்டு வரை விதிக்கலாம். முதல் வகுப்பு நடுவரே தண்டித்துவிட்டால், கீழ் நீதிமன்றத்தின் வரம்பை மேல்முறையீட்டு நீதிமன்றமும் தாண்ட முடியாது. எனவே வழக்கு எந்த நீதிமன்றத்தில் முடிகிறது என்பதே தண்டனையின் உச்ச அளவைத் தீர்மானிக்கிறது.

இரு தரப்பு உரிமைகள்

தண்டனையைக் கூட்டும் முன் குற்றவாளியின் தரப்பைக் கேட்டாக வேண்டும். அப்போது அவர் தண்டனையைக் குறைக்கும்படியோ தம்மை விடுவிக்கும்படியோ வாதாடலாம். தண்டனையைக் கூட்டக் கோரிய மேல்முறையீடு விடுதலையில் முடியவும் கூடும். ஆகவே சான்று வலுவில்லாத வழக்கில் அரசுத் தரப்பு இவ்வழியை எண்ணிப் பார்த்தே எடுக்க வேண்டியுள்ளது.

நகையைப் பறிகொடுத்தவருக்கு இந்த உரிமை கிடையாது. 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், விடுதலை, குறைந்த குற்றத்துக்கான தீர்ப்பு, போதாத இழப்பீடு ஆகியவற்றை எதிர்த்து மட்டுமே பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வழிவகுத்தது. தண்டனை குறைவு என்பதற்காக அவர் மேல்முறையீடு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 418ஆம் பிரிவிலும் மேல்முறையீடு செய்யும் முடிவு அரசின் கையிலேயே உள்ளது.