இரண்டு வாரக் கெடு

ஆவுடையார்கோவில் கொடுங்கையை அண்ணாந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கழுத்து வலியோடுதான் ஊர் திரும்புவார்கள். இந்த முறை என்னோடு வந்த மருமகனுக்கு மட்டும் வலி முழங்காலில் இருந்தது. அக்காள் மகன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தான் பந்தயத்தில் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிடுவதென்று சங்கல்பம் செய்துகொண்டு, 16 வாரத்துக்குக் கட்டம் போட்ட அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். ஏழாவது வாரம் முழங்கால் 'வேண்டாம்' என்றது. அட்டவணை '28 கிலோமீட்டர்' என்றது. பையன் அட்டவணையின் பேச்சைக் கேட்டான். அதன் பலனாகத்தான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு என்னோடு கோவில் பார்க்க வந்திருந்தான்.

அந்தக் கொடுங்கையில் சட்டமும் குறுக்குக் கம்பும் ஆணித் தலையுங்கூடக் கல்தான். மரவேலையென்றே கண் நம்பிவிடும். முற்காலத்தில் சிற்பிகள் கோவில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோவில் கொடுங்கை, தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி போன்றவை நீங்கலாக மற்ற எதையும் செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்களாம். வழிவழியாக வரும் பேச்சு. இதைச் சொன்னதும் மருமகன் சிரித்துவிட்டான்.

"எங்கள் ஆபீஸிலே அந்தச் சங்கடமே கிடையாது, மாமா. இரண்டு வாரத்துக்கு மேலே நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கிறதில்லை."

"அப்படியானால் உன் முழங்காலுக்கு மட்டும் ஏன் மாப்பிள்ளை பதினாறு வாரத்துக்குப் பத்திரம் எழுதினாய்?" என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை. நானும் அன்று அதோடு விட்டுவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

அவன் சொன்ன இரண்டு வார முறைக்கு 'அஜைல்' என்று பெயர். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில், பனிச்சறுக்கு விளையாடுகிற ஒரு மலை வாசஸ்தலத்தில் 17 பேர் கூடி அதற்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். விஷயம் இதுதான்: வருஷக்கணக்காகத் திட்டம் எழுதிக்கொண்டிராதே, சின்னதாக ஒன்றைச் செய்து காட்டு, கண்டவர்கள் சொல்வதைக் கேள், அதன்படி அடுத்ததை மாற்று. அதற்கும் முன்னால், 1986-ல், தக்கேயூச்சி, நோனக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். பழைய கம்பெனிகள் தொடர் ஓட்டக்காரர்களைப் போல் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோலை மாற்றுகின்றன, ஹோண்டாவும் கானனும் ரக்பி ஆட்டக்காரர்களைப் போல் கூட்டமாகப் பந்தை நகர்த்துகின்றன என்பது அவர்கள் கண்டது. இந்த முறைக்காரர்கள் தங்கள் இரண்டு வாரக் கெடுவுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஸ்பிரிண்ட்'. குறுந்தூர ஓட்டம்! ஓட்டக்காரனிடம் கடன் வாங்கிய சொல்.

சொல்லை மட்டுமா வாங்கினார்கள்? முறையே அவனிடம் வெகு காலமாக இருந்ததுதான். 1930-களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும், இருதய வைத்தியர் ரெய்ண்டெல்லும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பையனை ஒரு சிறு தூரம் வேகமாக ஓடவிடுவது. நாடி நிமிஷத்துக்கு 180 வரை ஏறும். பிறகு நிறுத்திக் கையைப் பிடித்து எண்ணுவது. ஒன்றரை நிமிஷத்துக்குள் நாடி 120-க்கு இறங்கினால் அடுத்த ஓட்டம். இறங்காவிட்டால், கொடுத்த வேலை அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிட வேண்டியது. சுவரில் ஒட்டிய காகிதமல்ல, மணிக்கட்டு நாடிதான் அடுத்த உத்தரவைப் போட்டது. கெர்ஷ்லரின் சிஷ்யர் ருடால்ப் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனையை முறியடிக்க உலகத்துக்கு 16 வருஷம் பிடித்தது.

அடுத்து வந்தவர் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக். இளவயதில் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 400 மீட்டரை நாற்பது தடவை, அறுபது தடவை என்று ஓடுவார். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு, அதுவரை ஓடியே அறியாத மாரத்தானுக்கும் பெயர் கொடுத்தார். அவரிடம் இருந்த திட்டம் ஒன்றே ஒன்று: உலகத்திலேயே வேகமாக ஓடக்கூடியவர் என்று பேசப்பட்ட இங்கிலீஷ்காரர் ஜிம் பீட்டர்ஸ் பக்கத்திலேயே ஓடுவது. வழியில், "வேகம் சரிதானா?" என்று பீட்டர்ஸையே கேட்டாராம். "போதாது" என்று பீட்டர்ஸ் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். ஜாடோபெக் நம்பி முன்னே போய்விட்டார். 2 மணி 23 நிமிஷத்துச் சொச்சத்தில் மூன்றாவது தங்கம். பீட்டர்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்கிறவனுக்குப் பொய்யான பதில்கூட உதவுகிறது பாருங்கள்!

நியூஸிலாந்தின் ஆர்தர் லிடியார்டும் செருப்புத் தொழிற்சாலைக்காரர்தான். செருப்புத் தைக்கிற இடத்துக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் என்ன பந்தமோ! அவர் சோதனை எலியாக வைத்துக்கொண்டது தம்மையே. கூட்டியும் குறைத்தும் ஓடிப் பார்த்து, வாரத்துக்குச் சுமார் 100 மைல் என்ற கணக்குக்கு வந்தார். 1960 செப்டம்பர் 2-ஆம் தேதி ரோமாபுரியில் அவருடைய பிள்ளைகள் ஸ்னெல் 800 மீட்டரிலும் ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே மாலையில் தங்கம் வாங்கினார்கள். ஆனால் லிடியார்டு முறையில் ஓர் அழுத்தம் உண்டு. முதலில் மாதக்கணக்கில் நிதானமான நீண்ட ஓட்டம், அப்புறம் மேடு, வேகமெல்லாம் கடைசியில்தான். இந்த வரிசையை அவர் யாருக்காகவும் மாற்றமாட்டார்.

என் மருமகன் ஆபீஸ் முறை இங்கேதான் முட்டுகிறது. நுரையீரலும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் 'இதோ பார், முடிந்துவிட்டது' என்று எலும்பு எதையும் காட்டாது. மூச்சு தயாராகிவிட்டதே என்று கூடுதலாக ஓடுகிறவன் முழங்காலில்தான் அகப்பட்டுக்கொள்கிறான்.

இதற்கெல்லாம் ரோமாபுரிவரை போக வேண்டியதில்லை. ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்கு ஒரு மாரத்தானுக்குச் சற்று அதிகமான தூரம். அந்தப் புதுக்கோட்டைக்காரர் கோவிந்தன் லட்சுமணன், ஊரை ஒட்டிய கவிநாட்டில் பயிற்சியாளர் லோகநாதனிடம் ஓடிப் பழகியவர். அதே லோகநாதனிடம் பழகிய சூரியா 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் அதே இரண்டு தங்கத்தையும் வாங்கினார். அங்கே 5,000 மீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிஷம் 54.48 விநாடி. அடுத்த மாதம் லண்டன் உலகப் போட்டியில் அதே தூரத்தை 13 நிமிஷம் 35.69 விநாடியில் ஓடினார்; முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டார். மெதுவாக ஓடித் தங்கம். ஏறக்குறைய 79 விநாடி முன்னால் வந்து ஒன்றுமில்லை! புவனேசுவரத்துப் புழுக்கத்தில் யாரும் முன்னே பாயவில்லை. பொறுத்திருந்து கடைசியில் வேகம் பிடிப்பதுதான் அங்கே காரியம். லண்டனில் அப்படிக் காத்திருக்க யாரும் இடம் தரவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்து ஓடுகிறவன் முதலாவதை வென்றிருக்க மாட்டான்.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. 10,000 மீட்டர், 25 சுற்று. லட்சுமணன் மூன்றாவதாக வந்தார்; 29 நிமிஷம் 44.91 விநாடி. வெண்கலம் என்று ஊரே சந்தோஷப்பட்டது. பிறகு அறிவிப்பு வந்தது: ஓட்டத்தின் நடுவில் உட்கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டாராம், கணக்கில்லை. இந்தியத் தரப்பு முறையிட்டது. நிராகரித்துவிட்டார்கள். பதக்கம் நாலாவதாக வந்த சீனாக்காரருக்குப் போயிற்று. எத்தனை வருஷ விடியற்காலைகள் அந்த ஓர் அடியில் போயின என்று எனக்கு எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னது திரும்பும்போது, அறந்தாங்கி பஸ் நிலையத்தில். வெகுநேரம் சும்மா இருந்தான். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அட்டவணையை எடுத்துப் பார்த்தான்.

"வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன போட்டிருக்கிறது?" என்றேன்.

"முப்பத்திரண்டு."

"ஓடப் போகிறாயா?"

"ஞாயிற்றுக்கிழமை காலையிலே மாடிப்படி இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன், மாமா" என்றான்.