தோட்டத்து மண்ணில் ஒளிந்திருந்த கிருமி

பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டதும், இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையைத்தான் நான் எழுதுவேன் என்று சக ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதை எழுத வல்லவர்கள் பலர் உண்டு. நான் எழுதப் போவதோ சளி, சீழ், இரத்தம், சிறுநீர் ஆகியவற்றைப் பற்றி. பெற்றோர்களே, முகத்தைச் சுளிக்க வேண்டாம். நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டிய காட்டிலேயே அவர்களோடு குடியிருந்த ஒரு நோயின் வரலாறு இது. அந்த நோய் வெளிச்சத்துக்கு வந்ததும், வராமல் ஒளிந்திருந்ததும், எல்லாம் ஒரு சிறு போத்தலைப் பொறுத்தே நடந்திருக்கிறது.

கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1913-இல் அங்கே சோதனைக்காக வளர்த்து வந்த கினிப் பன்றிகள் திடீரென்று நோய் கண்டு சாகத் தொடங்கின. வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் அதை ஆராய்ந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1917-இல், காலரா போன்ற நோயோடு ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த தமிழர். அவரிடமிருந்து எடுத்த சேம்பிளைக் கழகத்தின் கிருமியியல் அறிஞர் ஸ்டாண்டன் வளர்த்துப் பார்த்தார். வளர்ந்ததோ யாரும் எதிர்பாராத ஒரு கிருமி. கினிப் பன்றிகளைக் கொன்ற அதே கிருமிதான் அது என்று பின்னர் தெளிந்தார்கள். மலாயாவில் இந்த நோய் மனிதரிடம் கண்டறியப்பட்டது இப்படித்தான். ஸ்டாண்டன் பிற்காலத்தில் 'சர்' பட்டம் பெற்றார். பிளெட்சர் பெயரும் புத்தகங்களில் இருக்கிறது. அந்தத் தொழிலாளியின் பெயரை மட்டும் நான் படித்த எந்தக் குறிப்பிலும் காணோம். 'ஒரு தமிழ்த் தோட்டத் தொழிலாளி' என்பதோடு சரி.

கிருமியை 'வளர்த்துப் பார்ப்பது' என்றால் என்ன? மாணவர்கள் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியைத் தீனி போட்டுப் பெருக விட்டால், ஓரிரு நாளில் கோடிக்கணக்காகி ஒரு புள்ளியாகத் தட்டில் தெரியும். அந்தத் தீனியைக் கட்டியாக உறைய வைக்க முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். சூட்டில் அது உருகிப் போனது. ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஹெஸ்ஸ என்பவரின் மனைவி பானி, 1881 வாக்கில் வேறு ஒரு யோசனை சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்தவர்களிடம் அவர் சமையலுக்குக் கற்றுக்கொண்ட பொருள் அது. வேறொன்றுமில்லை, தீபாவளிக்கு நம் வீட்டில் பச்சையும் சிவப்புமாகக் காய்ச்சி வெட்டி வைக்கிறோமே, அதே அகர் அகர்தான்! இன்றைக்கும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்வது நம் பலகாரத்தின் மேல்தான்.

இந்த நோயின் கதை உண்மையில் மலாயாவில் தொடங்கவில்லை. ரங்கூனில் தொடங்கியது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. நம்மவர்கள் ஏராளமாக அங்கே கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். ரங்கூன் பொது மருத்துவமனையில் பிணச் சோதனை செய்துகொண்டிருந்த டாக்டர் விட்மோர், 1911-இல் நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்த உடல்களைக் கண்டார். பலர் அபின் சத்தை ஊசியாகப் போட்டுக்கொண்ட ஏழைகள். பார்த்தால் குதிரைக்கு வரும் ஒரு நோயைப் போல இருந்தது. ஆனால் சீழை எடுத்து வளர்த்தபோது குதிரை நோய்க் கிருமியைப் போல் அது நடந்துகொள்ளவில்லை. வேகமாக வளர்ந்தது, நகர்ந்தது. புது நோய் என்று 1912-இல் எழுதி வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று விட்மோர், மற்றொன்று கிருஷ்ணசுவாமி. இந்த இரண்டாம் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அன்று ரங்கூனில் அறுத்துப் பார்த்த உடல்களில் ஏறத்தாழ இருபதுக்கு ஒன்றில் இந்த நோய் இருந்ததாம். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை.

மெலியோய்டோசிஸ் என்று 1921-இல் பெயர் வைத்தவர்கள் ஸ்டாண்டனும் பிளெட்சரும். எலிதான் இதைப் பரப்புகிறது என்று அவர்கள் நம்பினார்கள். அது தவறு. 1955-இல் வியட்நாமில் சேற்று மண்ணிலேயே கிருமி கிடைத்தது. பிறகு நம் நாட்டின் மண்ணையும் தேங்கிய நீரையும் பல இடங்களில் எடுத்துச் சோதித்த ஆய்வு 1969-இல் வெளியாயிற்று. அதை எழுதிய நால்வரில் ஒருவர் பெயர் மாரியப்பன். காட்டைவிட நெல் வயலிலும் புதிதாக வெட்டித் திறந்த நிலத்திலும் இந்தக் கிருமி அதிகம் என்று கண்டார்கள். காட்டை வெட்டித் திறந்தவர்கள் யார் என்று இந்த மலரைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மழை பெய்தால் கிருமி மேலே வரும். காலில் வெட்டு, சிராய்ப்பு இருந்தால் அதன் வழியே ஏறும். ஈரக் காற்றோடு மூச்சிலும் போகும். நல்ல உடம்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. காய்ச்சல், இருமல், எங்காவது ஒரு கட்டி என்று வருவதால் காச நோயா, நிமோனியாவா, வெறும் கொப்புளமா என்று ஆளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டில் படித்தேன். என் பெரியப்பா முப்பது வருஷம் பால் வெட்டினவர். தோட்டம் துண்டாடப்பட்டு, மரம் சாய்ந்து, லயம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்த பிறகு, வாய்க்கால் ஓரம் கீரை போட்டார். இனிப்பு நீர் பத்து வருஷமாக உண்டு. செருப்பு போட மாட்டார், "மண்ணுல நிக்கிற காலுக்கு எதுக்குப்பா சப்பாத்து" என்பார். ஒரு மழைக் காலத்தில் காய்ச்சல் வந்தது. அத்தை வீட்டில் மீந்திருந்த மாத்திரையை முதலில் விழுங்கினார். பிறகு ஒரு கிளினிக்கில் ஊசி. பிறகு வேறொரு கிளினிக்கில் வேறு மாத்திரை. மூன்று வாரம் இப்படியே ஓடியது. தொடையில் கட்டி எழும்பியது. அதைக் கீறிச் சீழை வழித்துப் பஞ்சில் சுற்றிக் குப்பையில் போட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். விடை அந்தப் பஞ்சில் இருந்தது.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஓர் இளம் டாக்டர், இனிப்பு நீர் உண்டா, மண்ணில் வேலையா, இதுவரை என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை, மாத்திரை உறையை யார் வைத்திருந்தோம்? இரத்தம், சிறுநீர், தொண்டைச் சளி, மறுபடி ஊறிய சீழ் எல்லாம் எடுத்தார்கள். இரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை. அரைகுறை மருந்தில் அங்கே கிருமி அடங்கியிருந்தது போலும். சீழில் வளர்ந்தது. முடிவு வந்தது வியாழக்கிழமை. பெரியப்பாவை நாங்கள் செவ்வாய்க்கிழமையே அடக்கம் செய்துவிட்டோம்.

அதன் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருந்து தொடங்கும் முன்னே சேம்பிள் எடுப்பதுதான் முறை. "இவ்வளவு ரத்தமா" என்று நம் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு போத்தலுக்குப் பத்து மில்லிலிட்டர் வரை தேவை, ஏனென்றால் இரத்தத்தில் கிருமி மிகக் கொஞ்சமாகவே இருக்கும். சளி என்று எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எச்சில் கிருமிதான் வளரும். காலையில் ஆழ இருமி நெஞ்சிலிருந்து வர வேண்டும். சீழைப் பஞ்சில் தொட்டு அனுப்புவதைவிடச் சுத்தமான போத்தலில் நீராகவே அனுப்புவது மேல். இந்த நோய் இருக்கையிலேயே ஒரு தடவைச் சோதனையில் கிருமி அகப்படாமல் போவதும் சகஜம். அதனால்தான் பல இடத்திலிருந்து, பல முறை எடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் போத்தலோடு போகும் தாள். பெயர், எடுத்த இடம், நேரம், இனிப்பு நீர், மண் வேலை, சாப்பிட்ட மருந்து எல்லாம் அதில் இருந்தால்தான் ஆய்வுக்கூடத்தார் இந்தக் கிருமியைத் தேடுவார்கள். சாதாரணத் தட்டில் மற்றக் கிருமிகள் இதை மூடிவிடும், அல்லது வெறும் தூசுக் கிருமி என்று தள்ளிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் ஆஷ்டவுன் என்பவர் 1979-இல் இதற்கென்றே ஒரு தட்டு செய்தார். மற்றவற்றை அடக்கி இதை மட்டும் ஊதா நிறத்தில், சுருங்கிய பூப்போல வளர விடும். சந்தேகம் எழுதியிருந்தால்தானே அந்தத் தட்டை எடுப்பார்கள்!

தேடினால் கிடைக்கிறது என்பதற்கு வேலூர் சாட்சி. இந்தியாவில் இந்த நோயே இல்லை என்பதுபோல நெடுங்காலம் இருந்தார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மேரி ஜேசுதாசனும் மற்றவர்களும் தேடத் தொடங்கிய பிறகு தென்னிந்திய நோயாளிகள் தொடர்ந்து அகப்பட்டார்கள். 2003-இல் அதை எழுதினார்கள். இங்கே மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாவித்திரி புதுச்சேரி 1992-இல் 50 நோயாளிகளைப் பற்றி வெளியிட்டார். பெனிசிலினும் ஜென்டமைசினும் இந்தக் கிருமியிடம் பொதுவாகச் செல்லாது. செப்டாசிடிம் என்ற மருந்தைக் கொடுத்தபோது கடும் நோயாளிகளில் மரணம் நூற்றுக்கு 74-லிருந்து 37-ஆக இறங்கியது என்று தாய்லாந்தில் 1989-இல் காட்டினார்கள். ஊசி முடிந்த பிறகும் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை உண்டு.

பெரியம்மாவுக்கும் இனிப்பு நீர்தான். அவர் சாப்பிடும் மாத்திரை உறைகளையெல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறோம். மழை நாளில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் கீரைப் பாத்திக்குப் போகிறார். பூட்ஸ் பெரியப்பாவுக்காக வாங்கியது. இரண்டு அளவு பெரிசு, பழந்துணி திணித்துப் போட்டுக்கொள்கிறார்.