கருவியைத் தொட்டுக் கற்றவர்கள்

மலேசியப் பள்ளிப் பாடத்திட்டத்தில் கணினிச் சிந்தனை 2017ஆம் ஆண்டு இடம்பெற்றது. லாபிஸ் போன்ற ஜொகூர்ச் சிற்றூரிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர், அங்கே தாமே எந்திரன் ஒன்றைக் கட்டி ஓடவிட்டு, அது வழிதவறும்போது தம் கட்டளையிலுள்ள பிழையைத் தேடலாம். ஆனால், கருவியைத் தொட்டுக் கற்கும் இந்நெறி நேற்று முளைத்ததன்று. இந்தியாவில் அதை வேரூன்றச் செய்தவருள் ஒருவர், 1933இல் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றபோதே, 1950களில், ஒப்புமைக் கணிப்பொறிக்குரிய உறுப்புகளைத் தம் கையால் அமைத்தவர் அவர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963இல் ஐ.பி.எம். 1620 வந்து சேர்ந்தது. கணிப்பொறியைப் பூட்டிய அறையில் வைத்துக் காப்பதே பல இடங்களில் வழக்கமாயிருந்த காலம் அது. கான்பூரிலோ மாணவர்களே அட்டையில் துளையிட்டுத் தம் நிரலை ஓட்டிப் பார்த்தனர். ஒரு காற்புள்ளி பிசகினாலும் நிரல் நின்றுவிடும். பொறி முகதாட்சணியம் அறியாது. பிசகிய இடத்தைத் தேடுகையில்தான், ஒரு கணக்கைப் படிப்படியாகப் பிரித்து எண்ணும் பழக்கம் மாணவனுக்குப் படிந்தது. ஆயிரம் விரிவுரை அதைச் செய்திராது.

அங்கே 1965இல் மின்பொறியியல் முதுநிலைப் படிப்பில் கணிப்பொறியியல் ஒரு பிரிவாயிற்று. 1978இல் இளநிலைப் படிப்பும் வந்தது. பிற ஊர்களின் ஆசிரியர்க்கும் பொறியாளர்க்கும் பத்து நாள் பயிற்சி வகுப்புகளும் நடந்தன.

கான்பூருக்கு வர இயலாதவர் என் செய்வர்? நிரலெழுதக் கற்பிக்கும் ராஜாராமனின் நூல் 1969இல் வெளிவந்தது. கணிப்பொறியைக் கண்ணாலும் காணாத மாணவரும் வாங்கத்தக்கதாக, அதன் விலை 15 ரூபாய் என வைக்கப்பட்டது.