எட்டுக்காசில் ஒரு சங்கு

பாட்டா எனக்கு விட்டுப்போனது ஒரு பாளை அருவாளும் ஒரு வெற்றிலைப்பெட்டியும். பெட்டிக்குள் ஒரு எட்டுக்காசு கிடந்தது. திருவிதாங்கூர்ச் செம்புக் காசு. ஒரு பக்கம் மகாராஜாவின் பெயரெழுத்துகள் இங்கிலீஷில் பின்னிக் கிடக்கும். மறுபக்கம் சங்கு. பாட்டா பனையேறி, எழுத்து தெரியாது. "எழுத்து படிச்சவனுக்கு மக்களே, சங்கு எல்லாருக்கும்" என்பார்.

காசுக் கணக்கைச் சிறுவயதில் எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரம்தான் இந்த எட்டுக்காசு.

சங்கு காசோடு நிற்கவில்லை. 1888 அக்டோபரில் திருவிதாங்கூர் தன் முதல் தபால்தலையை வெளியிட்டபோது அதிலும் சங்குதான். எங்கள் ஊரில் தபாலுக்கு அஞ்சல் என்று பேர். அஞ்சல் பெட்டியின் முகப்பிலும் சங்கு இருந்தது. 1951-ல் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகும் பெருவழியில் அஞ்சலோட்டக்காரன் மணி கட்டிய கம்போடு ஓடுவானாம். மணி கேட்டதும் வழியை விட்டு இறங்கிவிட வேண்டும். பாட்டாவின் அப்பா தலைச்சுமையோடு ஓடையில் இறங்கி நின்ற கதை எங்கள் வீட்டில் அடிக்கடி வரும்.

அந்தச் சங்கு யாருடையது? 1750-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா நாட்டையே திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமியின் காலடியில் வைத்து, தானும் தன் வாரிசுகளும் பத்மநாபதாசர்களாக ஆள்வதாக வாளைப் படியில் வைத்து எடுத்தார். அன்றிலிருந்து நாடு சாமியின் சொத்து, சங்கு சாமியின் முத்திரை. ஆகவே பாட்டாவின் மடியில் கிடந்தது பத்மநாபனின் சங்கு. பத்மநாபனின் நடைக்குப் போக மட்டும் சாதியால் பாட்டாவுக்கு வழியில்லை. 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவு விளம்பரம் வந்தது. பிரகடனத்தை இங்கே விளம்பரம் என்றே சொல்வோம். அதற்கு முன்னால் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் மதிலைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தொடக்கூடிய காசிலும் தொடக்கூடாத கோயிலிலும் ஒரே சங்கு. ஒன்று 'வரி கொடு' என்றது, மற்றது 'தள்ளி நில்' என்றது.

சங்குத் தபால்தலை வந்த அதே 1888-ல், சில மாதம் முன்பு, சிவராத்திரி இரவில், நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் இன்னொரு காரியம் நடந்தது. ஈழவச் சாதியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவருக்கு அந்த உரிமை ஏது என்று கேட்டவர்களிடம், தான் வைத்தது ஈழவச் சிவனைத்தான் என்றாராம். அந்தக் கல்லில் முத்திரை இல்லை, எழுத்து இல்லை. ஆற்றில் அதுபோல் ஆயிரம் கிடக்கும். யார் கை எடுத்து வைத்தது என்பதில்தான் அதன் பொருள் இருந்தது. சங்கை அச்சடிக்க அக்கசாலை வேண்டும். இந்தக் கல்லுக்கு ஒரு கை போதும்.

1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூரின் நடுவே எல்லை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகம் போயின. தமிழர் இயக்கம் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. பாட்டாவின் வீடு கேரளத்தில், அவர் ஏறிய பனைகளில் பாதி தமிழ்நாட்டில். களியக்காவிளை தாண்டினால் அரசாங்கத் தாளில் கோபுரம். இந்தப் பக்கம் இரண்டு யானை நடுவே அதே சங்கு. ராஜா போன பிறகும் சங்கு உத்தியோகத்தில் இருக்கிறது.

திருவனந்தபுரத்து நவராத்திரிக்கு முன் களியக்காவிளையில் போய் நின்று பாருங்கள். பத்மநாபபுரத்து அரண்மனையில் கைமாற்றிக் கொடுத்த ராஜாவின் உடைவாளோடு சரஸ்வதி யானைமேல் வருவாள். வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸ் விட, கேரளப் போலீஸ் மரியாதை செய்து வாங்கும். அன்றிரவு நெய்யாற்றின்கரையில் தங்கல். அரண்மனை இருக்கும் மண் தமிழ்நாடு, அதைப் பராமரிப்பது கேரளம். அந்த வாளுக்கு இன்று ராஜா இல்லை, ஆனால் இரண்டு அரசுகள் அதன் பின்னால் நடக்கின்றன.

நான் தமிழ் வாத்தியாராக இருந்தபோது ஒருநாள் அந்த எட்டுக்காசை வகுப்பில் சுற்றவிட்டேன். இது என்ன என்று கேட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பயல் கத்தினான்: "சார், இது நம்ம கேஎஸ்ஆர்டிசி!" வகுப்பே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. பஸ்ஸின் பக்கத்தில் யானைகளுக்கு நடுவே அவன் தினமும் பார்க்கிற சங்கு அது.

அன்று சாயங்காலம் பாறசாலையில் களியக்காவிளை பஸ் வந்து நின்றது. பனைவெல்லக் கூடையோடு ஒரு கிழவி எனக்கு முன்னால் நின்றாள். சங்குக்குக் கீழே கூடையைச் சாய்த்துவைத்து மூச்சு வாங்கினாள். கண்டக்டர் மணியடித்தார். யாரும் ஓடையில் இறங்கவில்லை, ஏறிக்கொண்டோம்.