பழைய வண்டி, புதிய குழாய்

தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவின் தெருப்பெயர்களிலேயே ஒரு போக்குவரத்து வரலாறு ஒளிந்திருக்கிறது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கண்டாங் கெர்பாவ் எல்லாமே மாட்டை நினைவூட்டும் பெயர்கள். மாட்டு வியாபாரம் கொழித்த இடம் இது. மாட்டுவண்டிகள் ஓடிக்கொண்டிருந்த சிங்கப்பூரில் 1896இல் முதல் மோட்டார் கார் வந்து இறங்கியது. அது ஒரு பென்ஸ். 1926இல் ஃபோர்டு நிறுவனம் மலாயாவுக்கான கிளையை இங்கே தொடங்கி, 1941இல் புக்கிட் தீமாவில் கார் பொருத்தும் ஆலையைத் திறந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அந்த ஆலையில்தான். போருக்குப் பிறகும் 1980 வரை அங்கே கார்கள் உருவாயின.

கார் பெருகினால் உதிரிபாகமும் வேண்டுமே! தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஜாலான் புசார், சுங்கை ரோடு பக்கம் அந்தக் கடைகள் முளைத்தன. பழசை வாங்கி, பழுது பார்த்து, மறுபடி ஓட்டுகிற பழக்கம் அந்த வட்டாரத்துக்கே உரியது. 1930களில் தொடங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது.

பழைய காரை வைத்துக்கொள்வது இன்றைய சிங்கப்பூரில் லேசான காரியமில்லை. 1990இல் வந்த சிஓஇ முறை, ஒரு காருக்குப் பத்து வருட ஆயுளை எழுதிவிட்டது. புதுப்பிக்கக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் வண்டியைக் கழித்துவிடுகிறார்கள். 35 வயது தாண்டிய காருக்கு மட்டும் ‘கிளாசிக்’ என்ற சலுகை உண்டு. ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி 320 நாளும் வண்டி நிற்கவேண்டியதுதான். இந்த நிற்பதில்தான் பிரேக்கின் கதை ஆரம்பிக்கிறது.

பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது மெல்லிய குழாய்களில் இருக்கும் பிரேக் ஆயில். இந்த ஹைட்ராலிக் முறை 1920களிலேயே வந்துவிட்டாலும், ஃபோர்டு அமெரிக்காவில் 1939 மாடல் வரை கம்பியும் கோலும் கொண்ட பழைய பிரேக்கை விடவில்லை. திரவத்தை நம்பத் தயக்கம்! அந்தத் தயக்கம் முழுக்கத் தவறும் அல்ல.

சாதாரண பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகைக்குத் தரம் கேட்கும் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் நீராவி, நீராவி அமுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதே ஈரம் இரும்புக் குழாயை உள்ளிருந்து அரிக்கிறது. வருடம் முழுக்கப் புழுங்கும் நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. கைபிரேக் ஒன்றுதான் மிச்சம். அமெரிக்காவில் இரட்டைச் சுற்று கட்டாயமானது 1968இல்.

சரி, சுத்தம் செய்தால் போதாதா? “ஓடுது இல்ல, எதுக்கு மாத்தணும்?” என்ற கேள்வி நியாயமாகத்தான் படும். மேல் துருவைத் தேய்க்கலாம், புது ஆயில் விட்டுக் கழுவலாம். ஆனால் குழாயின் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. கிளிப் பிடித்திருக்கும் இடத்தில், சேறு தங்கும் மூலையில், துரு குழி விழுந்திருந்தால் தேய்ப்பது இன்னும் மெலியவைக்கும். ரப்பர் ஹோஸ் இன்னும் மோசம். வெளியே பளபளக்கும், உள்ளே உப்பி வழியடைக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே இருக்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ விட்டுக் கழுவினால் ரப்பர் சீல்களும் ஊதிக் கெட்டுவிடும். நிறம் மட்டும் மங்கிய குழாயைத் துடைத்து வைத்துக்கொள்ளலாம். குழி விழுந்ததையும் பழைய ஹோஸையும் மாற்றத்தான் வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். வெறும் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

“அப்படியானால் அசல்தன்மை?” இதற்குப் பதில் தேக்காவிலேயே இருக்கிறது. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இயன்ற மட்டும் பழையதைத் தக்கவைப்பது, கவனமாகப் பழுது பார்ப்பது என்பதே கொள்கை. கடைவீடுகளின் முகப்பும் சன்னல்களும் காக்கப்பட்டன. அதற்காக யாரும் பழைய மின்கம்பியிலேயே விளக்கெரிக்கவில்லை. தண்ணீர்க் குழாயும் புதுசுதான். வீட்டில் மனிதர் வாழவேண்டும் என்பதால்.

கார் அருங்காட்சியகத்தில் நின்றால் பழைய குழாய் அப்படியே இருக்கட்டும், அது ஆவணம். தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. பிரேக் குழாய் தேய்ந்ததும் மாற்றப்படவேண்டிய பொருளாகத்தான் முதலிலிருந்தே இருந்தது. 1950களில் அந்தக் காரை ஓட்டியவரும் ஜாலான் புசாருக்குப் போய் மாற்றித்தான் இருப்பார். ஆக, மாற்றுவதும் அந்த வண்டியின் வரலாற்றில் சேர்ந்ததே. கழற்றிய குழாயைத் தூக்கி எறியாமல் தேதி எழுதி வைத்துவிட்டால், அடுத்து வளைப்பவருக்கு அளவாக உதவும்.