பருவத் தடுப்பு மருந்து: இங்கிலாந்தில் அனுமதியிலிருந்து தடைவரை

டிரிப்டோரெலின் ஓர் ஊசி மருந்து. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விதைப்பைக்கும் சூலகத்துக்கும் இடும் கட்டளையை இது நிறுத்திவிடும். கட்டளை நின்றால் பாலியல் ஹார்மோன் சுரப்பது அடங்கும். புரோஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களுக்கும், ஆறேழு வயதிலேயே பருவ மாற்றம் தொடங்கிவிடும் குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறார்கள். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு மனம் ஒட்டாமல் தவிக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இதையே கொடுக்கலாம் என்ற எண்ணம் பிற்பாடு வந்தது. அந்த எண்ணம் நெதர்லாந்தில் பிறந்தது.

திருநர் ஒருவர் வளர்ந்தபின் சிகிச்சைக்கு வந்தால் சில மாற்றங்களைத் திருப்ப முடியாது. உடைந்த குரல் பழையபடி ஆகாது. அரும்பிய மீசையை எளிதில் போக்க முடியாது. வளர்ந்த மார்பை அறுவையால்தான் அகற்ற வேண்டும். பருவத்தையே சில காலம் நிறுத்திவைத்தால் பிள்ளைக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கும், பின்னாளில் அறுவையும் குறையும் என்று பெக்கி கோஹென்-கெட்டெனிஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கருதினார்கள். இப்படிச் சிகிச்சை பெற்ற ஒருவரைப் பற்றிய முதல் கட்டுரை 1998இல் வெளியானது. பன்னிரண்டு வயதிலிருந்து தடுப்பு மருந்து, பதினாறில் டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஈஸ்ட்ரோஜன், பதினெட்டுக்குப் பிறகு அறுவை என்று அவர்கள் வகுத்த படிமுறை ‘டச்சு முறை’ என்று பெயர் பெற்றது. அவர்கள் யாரை ஏற்றார்கள் என்பது முக்கியம். சிறு வயதிலிருந்தே தவிப்பு தொடர்ந்திருக்க வேண்டும், வேறு கடுமையான மனநோய் இருக்கக் கூடாது, குடும்பம் துணை நிற்க வேண்டும். இந்தச் சல்லடையில் தேறியவர்கள் சிலரே.

இங்கிலாந்தில் இத்தகைய பிள்ளைகளுக்கான முதல் மையத்தை 1989இல் டொமெனிகோ டி செலியே என்ற மனநல மருத்துவர் லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் தொடங்கினார். தொண்ணூறுகளில் அது டாவிஸ்டாக் நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்தது. பேச்சுவழி உளவியல் சிகிச்சைக்குப் பெயர்போன இடம் அது. பிள்ளையிடமும் பெற்றோரிடமும் உட்கார்ந்து பேசுவதே அங்கே முதன்மையான வேலை. தடுப்பு மருந்தைப் பதினாறு வயதையொட்டித்தான் கொடுத்தார்கள். 2009இல் தேசிய சுகாதார சேவை டாவிஸ்டாக்கை நாடு முழுமைக்குமான மையமாக ஏற்றது. அதற்குள் டச்சு முறை பரவியிருந்தது. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் பருவம் முடியும்வரை காத்திருப்பு என்று பெற்றோர் கேட்டார்கள். சிலர் பிள்ளைகளை அமெரிக்காவுக்கே அழைத்துப் போனார்கள்.

2011இல் டாவிஸ்டாக் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 12 முதல் 15 வயதுவரையான 44 பேருக்கு மருந்து கொடுத்து அவர்களைக் கண்காணிப்பது திட்டம். ஆய்வின் முடிவுகள் முழுமையாக வெளிவந்தது 2020 டிசம்பரில். ஆனால் 2014இலேயே அந்த மருந்து ஆய்வுக்கு வெளியிலும் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. பின்னால் வந்த அத்தனை சிக்கலுக்கும் விதை இங்கேதான் விழுந்தது. முடிவு தெரியுமுன்னே முறை பரவியது. 44 பேரில் 43 பேர் தடுப்பு மருந்திலிருந்து நேராக ஹார்மோன் சிகிச்சைக்குப் போனார்கள். யோசிக்க அவகாசம் தருவதற்கென்று கொடுத்த மருந்து உண்மையில் அடுத்த கட்டத்துக்கான வாசலாக இருந்ததா, அல்லது சரியான பிள்ளைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அதுவே சான்றா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அவர்களுடைய உளநிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றமும் இல்லை, சரிவும் இல்லை. எலும்பின் அடர்த்தி மட்டும் அந்த வயதுக்கு ஏறவேண்டிய அளவு ஏறவில்லை.

இதற்கிடையில் கூட்டம் பெருகியது. 2009-10இல் நூறு பேர்கூட வராத மையத்துக்கு 2018-19இல் 2,500க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள். 2021-22இல் அந்த எண்ணிக்கை 5,000ஐத் தாண்டியது. முன்பு வந்தவர்களில் பெரும்பாலோர் பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டவர்கள். பத்தே ஆண்டில் அது தலைகீழானது. பருவ வயதில் முதன்முறை தவிப்பை உணர்ந்த, பெண் எனக் குறிக்கப்பட்ட பிள்ளைகளே மிகுதியாக வந்தார்கள். டச்சு முறை இவர்களுக்காக வகுக்கப்பட்டதல்ல. முதல் சந்திப்புக்கே இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. சரியாக ஆராயாமல் பிள்ளைகளை மருந்துக்கு அனுப்புகிறோம் என்று உள்ளே வேலை செய்தவர்களில் சிலரே முறையிட்டார்கள். 2021 ஜனவரியில் அரசின் பராமரிப்புத் தர ஆணையம் அந்த மையத்தைத் ‘தகுதிக் குறைவு’ என்று மதிப்பிட்டது.

அதற்குச் சற்று முன்பே டாவிஸ்டாக்மீது வழக்கு வந்துவிட்டது. கீரா பெல் பதினாறு வயதில் தடுப்பு மருந்தும், பதினேழில் டெஸ்டோஸ்டிரோனும், இருபதில் மார்பு அறுவையும் பெற்று, பிறகு மனம் மாறியவர். அந்த வயதில் தனக்கு அது புரிந்திருக்கவில்லை என்பது அவர் வாதம். பிள்ளையின் ஒப்புதல் பற்றி இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு கில்லிக் வழக்கின் தீர்ப்பு வழிகாட்டியாக இருந்துவந்தது: சிகிச்சையை முழுதாகப் புரிந்துகொள்ளும் அறிவு இருந்தால் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவரும் தாமே ஒப்புதல் தரலாம். பதின்மூன்று வயதோ அதற்குக் குறைவோ ஆனவர் இம்மருந்துக்கு ஒப்புதல் தர வல்லவராக இருப்பது மிக அரிது, பதினான்கு பதினைந்திலும் ஐயமே என்று 2020 டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் சொன்னது. புதிய சிகிச்சை உடனே நின்றது. 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது; ஒப்புதல் தரும் திறனை மதிப்பிடுவது மருத்துவரின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றது.

அதற்குள் குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் தலைமையில் தனி ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 2020இல் தேசிய சுகாதார சேவையே அதற்கு ஏற்பாடு செய்திருந்தது. சுமார் 9,000 பேர் சிறுவயதுச் சிகிச்சைக்குப் பின் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, பெரியவர்களுக்கான ஏழு மையங்களின் பதிவேடுகளைக் காஸ் குழு கேட்டது. அதற்கென்றே ஓர் ஆணை பிறப்பித்துச் சட்டத் தடையையும் அரசு நீக்கியிருந்தது. அப்படியும் ஆறு மையங்கள் ஒத்துழைக்கவில்லை. அந்தச் சிகிச்சையின் பலனை அறிய இருந்த ஒரே பெரிய வாய்ப்பு அப்போது கைநழுவியது. தடையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இன்று ஒருபோலக் கேட்கும் சான்று அந்தப் பதிவேடுகளில்தான் கிடந்தது.

டாவிஸ்டாக் மையம் 2024 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. அதே மாதம் தடுப்பு மருந்தை வழக்கமான சிகிச்சையாகத் தருவதைத் தேசிய சுகாதார சேவை நிறுத்தியது. ஏப்ரலில் வந்த காஸின் இறுதி அறிக்கை, சான்றுகள் வலுவற்றவை என்றும், மருந்தை ஆய்வின் பகுதியாகவே தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மருந்தைக் குற்றமாக்கச் சொல்லவில்லை. அதைச் செய்தது அரசு. நாடாளுமன்றம் கலைவதற்கு முந்தைய நாளான மே 29 அன்று சுகாதார அமைச்சர் விக்டோரியா அட்கின்ஸ் ஓர் அவசர ஆணையில் கையெழுத்திட்டார். பாலின உணர்வுத் தவிப்புக்காகப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனியார் மருத்துவரோ ஐரோப்பிய மருத்துவரோ எழுதித் தரும் புதிய மருந்துச் சீட்டு ஜூன் 3 முதல் செல்லாது. உரிய சீட்டின்றி மருந்தை வைத்திருப்பதும் குற்றம். ஏற்கெனவே மருந்து எடுத்துவந்தவர்களுக்கும், மிக இளவயதில் பருவமடையும் குழந்தைகளுக்கும் விலக்கு உண்டு.

ஜூலையில் ஆட்சி மாறியது, ஆணை மாறவில்லை. தொழிற்கட்சியின் புதிய சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் அதை நீட்டித்தார். திருநர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் ஆணை செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் வட அயர்லாந்தும் இதில் சேர்ந்தது. இப்போதைய முறையில் இம்மருந்தை எழுதித் தருவதில் ஏற்க முடியாத ஆபத்து உண்டு என்ற மருந்து ஆணையத்தின் கருத்தை ஏற்று, டிசம்பர் 11 அன்று தடையைக் காலவரையறையின்றி ஸ்ட்ரீட்டிங் நீட்டித்தார்.

காஸ் அறிக்கையின் முறையியலில் பிழை உண்டென்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். பின்லாந்தும் ஸ்வீடனும் சில ஆண்டுகளுக்கு முன்பே மருந்தைக் கட்டுப்படுத்தியிருந்தன. ஆனால் அங்கே மருத்துவத் துறையே வழிகாட்டுதல்களை மாற்றியது, சீட்டு இல்லாமல் மருந்து வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. வழிகாட்டுதலை மருத்துவர் ஒரு பிள்ளைக்காகத் தளர்த்தலாம். ஆணையைத் தளர்த்த முடியாது.

டாவிஸ்டாக்குக்குப் பதிலாக 2024 ஏப்ரலில் லண்டனிலும் லிவர்பூலிலும் புதிய மையங்கள் திறந்தன. காத்திருப்போர் பட்டியலில் அப்போது 5,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பருவம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பட்டியலில் இருக்கும்போதே அவர்களில் பலர் பதினேழைத் தாண்டி, சிறார் மையம் ஏற்கும் வயதையே கடந்துவிட்டார்கள். தடையை 2027இல் மறுபரிசீலனை செய்வதாக அரசு அறிவித்திருக்கிறது.