எழுத்து நிலைமாற்றம்: அலரியும் அரளியும்

ஒரு சொல்லின் ஒலிகள் தமக்குள் இடம் மாறிக்கொள்வது எழுத்து நிலைமாற்றம். விசிறி–சிவிறி, தசை–சதை, ஞிமிறு–மிஞிறு என்பன இலக்கண உரைகள் காட்டும் சான்றுகள். வன்னியில் இதற்குக் கண்முன் நிற்கும் சான்று அலரி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வளவுகளிலும் கோயில் வீதிகளிலும் பூக்கும் அலரியைத் தமிழ்நாட்டார் அரளி என்பர். கொழும்பிலுள்ள பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம் தமிழ்ச் செய்தியில் ‘அலரி மாளிகை’. சிங்களச் செய்தியில் ‘அரலியகஹ மந்திரய’. ஆட்சிகள் எத்தனை மாறியும் அந்த வாசலில் லகரமும் ரகரமும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இவற்றுள் மூத்தது எது? அலர்தல் என்னும் வினையோடு நேரே பொருந்துவது அலரி. அப்படியானால் இடம் மாறிய வடிவம் அரளிதான். ஆனாலும் அதை எவரும் கொச்சை என்பதில்லை, அச்சிலும் ஏற்றுவர். இதே ரகரம் குதிரையைக் ‘குருதை’ என்றும் மதுரையை ‘மருதை’ என்றும் ஆக்கினால் மட்டும் நகைப்பர். ஆங்கிலத்திலும் இதே கதை. வினவுதல் என்னும் பொருளுள்ள ‘ஆஸ்க்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே இரு வடிவங்கள் இருந்தன. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் ‘ஆக்ஸ்’ வடிவத்தையும் எழுதினார். இன்று கரீபியரும் அமெரிக்கக் கறுப்பினத்தவரும் அவ்வாறு சொன்னால் பிழை என்கிறார்கள். ‘பிரிட்’ என்பதிலிருந்து திரிந்த ‘பேர்ட்’டோ பறவைக்குரிய செம்மையான சொல்லாகிவிட்டது. ஆகவே, பழிப்பு ஒலியைப் பார்த்து வருவதில்லை. சொல்பவரின் சமூக நிலையைப் பார்த்து வருகிறது.

நாச் சோம்பலே நிலைமாற்றத்துக்குக் காரணம் என்பர் சிலர். சோம்பலானால் ஒலி குறைய வேண்டும். குருதையில் ஒன்றும் குறையவில்லை. மேலும் இம்மாற்றம் கண்டபடி நிகழ்வதுமில்லை. ரகர லகரங்களிலேயே மிகுதி. தமிழ் உரல் தெலுங்கில் ‘ரோலு’, இரவு ‘ரேயி’ என ஒரு மொழி முழுவதும் ஒழுங்காகவே நிகழ்ந்திருக்கிறது. அலரியே அரளியாயிற்று என்பதற்கு, லகரம் ளகரமாகிவிட்டதே என்ற தடை வலுவானது. வெறும் இடமாற்றமானால் ‘அரலி’ என்றே வர வேண்டும். அங்கே இடமாற்றத்தோடு இன்னொரு திரிபும் சேர்ந்திருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். இடம் மாறிய வடிவங்களையெல்லாம் ஏற்றால் எழுத்து குலையும் என்ற அச்சத்துக்குத் தசையும் சதையும் போதிய விடை: இரண்டும் அகராதியில் வாழ்கின்றன, படிப்பவர் எவரும் தடுமாறுவதில்லை.